ஏர்போர்ட்டுக்குள்ள தண்ணிக்கு நியாயமான வெல வேணுமுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

கோயமுத்தூர் ஏர்போர்ட் விரிவாக்கம் பத்தி உங்க பேப்பர்ல வர்ற செய்தி எதையும் நான் விடறதில்லீங்க. ரன்வே எவ்வளவு நீளமாகப் போகுது, புது டெர்மினல் எப்ப வரும், எந்தெந்த நாட்டுக்கு விமானம் விடுவாங்கன்னு எல்லாம் எழுதறீங்க, நல்லா இருக்குது. ஆனா அந்த டெர்மினலுக்குள்ள ஒரு பாட்டில் தண்ணி என்ன வெலைக்கு விப்பாங்கன்னு இது வரைக்கும் ஒருத்தரும் கேட்டு நான் படிக்கல. சின்ன விஷயமாட்ட தெரியலாமுங்க. உள்ள போயி அஞ்சாறு மணி நேரம் உக்காந்து பாத்தவங்களுக்குத்தான் அது சின்ன விஷயம் இல்லைன்னு தெரியும்.

பஸ் ஸ்டாண்டுல ஒரு கடைக்காரரு அஞ்சு ரூபா சேத்திக் கேட்டா, போங்கன்னு சொல்லிட்டு நாலு கடை தள்ளிப் போயி வாங்கிக்கலாம். ரயில்வே ஸ்டேஷன்லயும் பிளாட்பாரத்துலயே நாலு ஸ்டால் இருக்கும், கொழாயும் இருக்கும். ஏர்போர்ட்ல செக்யூரிட்டி தாண்டிட்டா அவ்வளவுதானுங்க, வெளிய வர முடியாது, வெளிய இருக்கறவங்க ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுக்கவும் முடியாது. உள்ள இருக்கற அந்த ரெண்டு மூணு கடைதான், அவங்க சொல்றதுதான் வெல. ரெண்டு மணி நேரம் முன்னாடி வாங்க, மூணு மணி நேரம் முன்னாடி வாங்கன்னு அவங்களே நம்மள கூப்பிட்டு உள்ள உக்கார வெக்கறாங்க. அப்படி உக்கார வெச்சவங்களுக்கு தண்ணி குடுக்கற பொறுப்பும் இருக்குதுல்லீங்களா?

போன வருஷம் எங்க ஊருப் பொம்பளைங்க கொஞ்சப் பேரு சேந்து காசிக்குப் போனமுங்க. அவிநாசிப் பக்கம் கிராமம், பாதிப் பேரு காட்டு வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போறவங்க, சீட்டுப் போட்டு காசு சேத்தி, ரயில்ல ரெண்டு நாள் உக்கார முட்டி தாங்காதுன்னு பிளைட்ல போலாம்னு முடிவு பண்ணோம். எங்கம்மாவும் வந்தாங்க, எங்கம்மாவோட பெரியம்மாவும் வந்தாங்க, அவங்கள நாங்க அம்முச்சின்னுதான் கூப்புடறது, அவங்களுக்கு சர்க்கரையும் பிரஷரும் ரெண்டும் இருக்குது. கோயமுத்தூர்ல இருந்து ஏறி நடுவுல ஒரு பெரிய ஏர்போர்ட்ல மாறணும். அந்த ஏர்போர்ட் பேரு இங்க எதுக்குங்க, பேரு சொல்லி சண்டை போடறது என் நோக்கம் இல்ல. உள்நாட்டு பிளைட்டுக்கு வீட்டுத் தண்ணி கொண்டு போகலாம், கொண்டுதான் போனோம், மொதல் பிளைட்லயே தீந்து போச்சு, காலி பாட்டில பிளைட்ல குப்பை எடுக்க வந்த பொண்ணு வாங்கிட்டு போயிருச்சு. எறங்கிப் பாத்தா அடுத்த பிளைட் லேட்டு, ஒரு மணி நேரம்னாங்க, அப்பறம் ரெண்டுன்னாங்க, அப்படியே தள்ளிக்கிட்டே போச்சு.

கடைக்குப் போயி தண்ணி கேட்டா அரை லிட்டர் பாட்டில் எம்பது ரூபா. டீ நூத்தம்பதுக்கு மேல. ஒரு லிட்டர் சாதா பாட்டில் இருக்குதான்னு கேட்டேன், அது நாங்க வெக்கறது இல்லீங்கன்னு அந்தக் கடைப் பையன் சொன்னான், பாட்டில திருப்பிக் காமிச்சு, எம்.ஆர்.பி. அதுலயே அச்சடிச்சிருக்குது பாருங்கம்மா, நான் சேத்திக் கேக்கலைன்னான். அந்தப் பையன் மேல எனக்குக் கோவமே இல்லீங்க, அவன் மாசச் சம்பளத்துக்கு நிக்கறவன், வெல போடறது அவன் இல்ல. கொழா எங்கன்னு கேட்டா கடைசியில கக்கூசுக்கு ஒட்டி இருந்துச்சு, அமுக்குனா மேல பீச்சற மாதிரி ஒண்ணு, டம்ளரும் இல்ல. எங்க பொம்பளைங்க அந்த எடத்துல வாய வெச்சுக் குடிக்க மாட்டேன்னுட்டாங்க. நான் வாங்கித் தர்றேன்னு சொன்னதுக்கு அம்முச்சி, வேண்டாங் கண்ணு, பிளைட்ல ஏறுனா குடுப்பாங்க, அந்தக் காசுக்கு காசியில ஒரு நேரம் சாப்பிட்டுக்கலாம்னு சொல்லிட்டு நாக்கு வறண்டு உக்காந்திருந்தாங்க. மாத்திரை போடற நேரம் தாண்டிப் போச்சு. அப்பறம் நான் வம்பா வாங்கிக் குடுத்தேன், ஒரு மடக்குக் குடிச்சுட்டு மூடி மடியில வெச்சுக்கிட்டாங்க, பக்கத்துல இருக்கறவங்களுக்கும் வேணுமேன்னு. சர்க்கரைக்காரங்க தண்ணி குடிக்காம இருந்தா என்ன ஆகும்னு டாக்டருங்களக் கேளுங்க. எனக்கு அன்னிக்கு வந்த வெசனம் இன்னும் போகலீங்க.

இதெல்லாம் பிளைட்ல போற வசதி இருக்கறவங்களுக்கு ஒரு பொருட்டான்னு சில பேரு கேக்கறாங்க. அந்தக் காலம் போயிருச்சுங்க. சாதாரண ஜனம் பறக்கணும்னுதான் 2017ல உடான் திட்டத்துல விமானம் விட ஆரம்பிச்சாங்க, நம்ம சேலம் காமலாபுரத்துல விமானம் வந்து போறதும் அந்தத் திட்டத்துலதான். இன்னிக்கு கோயமுத்தூர்ல இருந்து யாரெல்லாம் போறாங்கன்னு நின்னு பாருங்க, சிங்கப்பூர்ல மருமகளுக்குப் பிரசவம் பாக்கப் போற மாமியார், சார்ஜாவுக்கு வேலைக்குப் போற பையன், ஆஸ்பத்திரிக்கு வந்துட்டுத் திரும்பிப் போற நோயாளி, மொத தடவை இன்டர்வியூவுக்குப் போற காலேஜ் புள்ள. ஆபர்ல டிக்கெட் போட்டுட்டு வர்றவங்கதான் நெறைய. அவங்களுக்கு எம்பது ரூபா தண்ணி பெரிய விஷயந்தான்.

வெளிநாட்டு பிளைட்டுன்னா கஷ்டம் இன்னும் ஒரு படி மேல. வீட்டுத் தண்ணியே கொண்டு போக முடியாது, நூறு மில்லிக்கு மேல எந்த திரவமும் கைப்பையில ஆகாது. 2006 ஆகஸ்ட்ல லண்டன்ல இருந்து போற விமானங்கள திரவ வெடிமருந்து வெச்சுத் தகர்க்க ஒரு கூட்டம் திட்டம் போட்டது பிடிபட்டுச்சு, அதுக்கப்பறம் உலகம் பூராவும் வந்த கட்டுப்பாடு அது. பாதுகாப்புக்கு வெச்ச சட்டம், அத நான் தப்பு சொல்லல. ஆனா கையில இருக்கற தண்ணிய கீழ ஊத்தச் சொல்லிட்டு, பத்தடி தள்ளி அதே தண்ணிய பல மடங்கு வெலைக்கு விக்க விடறது எப்படிங்க நியாயமாகும்? பாதுகாப்புக்குன்னு போட்ட சட்டம் கடைக்காரனுக்கு வியாபாரம் புடிச்சுக் குடுக்கற சட்டமா ஆகிப் போச்சு.

இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் விசாரிச்சுப் பாத்தேனுங்க. உள்ள கடை வெக்க டெண்டர் விடுவாங்க, யாரு மாசா மாசம் அதிகமாக் கட்டறேன்னு சொல்றாங்களோ, விக்கறதுல அதிகப் பங்கு தர்றேன்னு சொல்றாங்களோ அவங்களுக்குத்தான் கடை. வியாபாரம் ஆனாலும் ஆகாட்டியும் கட்ட வேண்டிய தொகைன்னு ஒண்ணு இருக்கும், அதுக்கு மேல வித்ததுல பங்கு வேற. அவ்வளவு கட்டறவன் இருவது ரூபா பாட்டில இருவதுக்கே வித்தா கட்டுப்படியாகாது, அதனால அவன் அந்த பாட்டிலையே வெக்கறது இல்ல. அப்ப வெல ஏறறது கடையில இல்லீங்க, டெண்டர் பேப்பர்லயே ஏறிப் போகுது. நாம கடைக்காரன்கிட்ட சண்டை போட்டு ஒண்ணும் ஆகறதில்ல.

சரி, கேக்கறதுக்கு ஆளு இல்லையான்னா, விமான நிலைய பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம்னு ஒண்ணு இருக்குது, 2008ல சட்டம் போட்டு 2009ல வந்தது. பெரிய ஏர்போர்ட்ல விமானம் எறங்கறதுக்கு எவ்வளவு, நிறுத்தறதுக்கு எவ்வளவு, பயணிகிட்ட யூசர் பீ எவ்வளவுன்னு எல்லாம் அவங்க முடிவு பண்ணுவாங்க. ஆனா கடை, ஓட்டல், கார் பார்க்கிங் இதுல என்ன வெல வெக்கறதுன்னு அவங்க சொல்றதில்ல. 2016ல வந்த விமானப் போக்குவரத்துக் கொள்கையில, இந்த மாதிரி கடை வருமானத்துல 30 சதவீதத்த எடுத்து விமானம் எறங்கறது, நிறுத்தறது மாதிரி கட்டணங்கள கொறைக்கறதுக்குக் கழிச்சுக்கணும்னு வெச்சிருக்காங்க. மிச்சம் ஏர்போர்ட் நடத்தறவங்களுக்கு. அதாவது கடையில எவ்வளவு அதிகமா வசூல் ஆகுதோ அவ்வளவு அவங்களுக்கு நல்லது. சென்ட்டு, சாக்லேட், வாட்சு வித்து சம்பாதிக்கட்டுமுங்க, யாரும் வேண்டாங்கல. வேணுங்கறவங்க வாங்குவாங்க, வேண்டாங்கறவங்க பாத்துட்டுப் போயிருவாங்க. தண்ணிய அப்படிப் பாத்துட்டுப் போக முடியாதுல்லீங்க. அதோட டிக்கெட்லயே யூசர் பீ, செக்யூரிட்டி பீன்னு நம்மகிட்ட வாங்கித்தான் வெச்சிருக்காங்க, சும்மா வந்து உக்காரல நாம.

எம்.ஆர்.பி. பத்திச் சொல்லணும். அச்சடிச்ச வெலைக்கு மேல விக்கக் கூடாதுங்கறது 2011ல வந்த பொட்டலப் பொருள் விதியிலயே தெளிவா இருக்குது. ஒரே பொருளுக்கு ஊருல ஒரு எம்.ஆர்.பி., ஏர்போர்ட்டுக்கு ஒரு எம்.ஆர்.பி.ன்னு ரெண்டு போடறதும் ஆகாதுன்னு 2018 ஜனவரி 1ல இருந்து விதியில சேத்திட்டாங்க. அதுக்கு முன்னாடியே, 2016ல, தேசிய நுகர்வோர் ஆணையம் ஒரு சினிமா தியேட்டர் வழக்குல இதே மாதிரி ரெட்டை வெல தப்புன்னு சொல்லியிருக்குது. ஆனா இதுல இருந்து தப்பிக்கறதுக்கு வழி வெச்சிருக்காங்க. சாதாரணமா நாம வாங்கற தண்ணி பாட்டில்ல ஐ.எஸ். 14543ன்னு ஒரு தர எண் இருக்கும், அது சுத்திகரிச்சு அடைச்ச குடிநீர். ஊத்துல இருந்து எடுத்த இயற்கை மினரல் வாட்டர்னா ஐ.எஸ். 13428, அதோட வெல எப்பவும் ஜாஸ்தி. கடையில ரெண்டாவது வகைய மட்டும் அடுக்கி வெச்சுட்டா எந்த விதியும் மீறுன மாதிரி ஆகாது. அந்தப் பையன் பாட்டிலத் திருப்பிக் காமிச்சப்ப எனக்கு இது புரியல. ரெண்டும் தாகத்தத்தான் தீக்குது, ஆனா எந்த பாட்டில வெக்கறதுன்னு முடிவு பண்றது அவங்க.

இன்னொரு வழி, 2017 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் குடுத்த தீர்ப்பு. ஓட்டல்லயும் ரெஸ்டாரண்ட்லயும் தண்ணி பாட்டில எம்.ஆர்.பி.க்கு மேல விக்கலாம், ஏன்னா அங்க உக்கார எடம், பரிமாறற ஆளுன்னு சேவையும் சேந்து வருதுன்னு சொன்னாங்க. மேசை போட்டு எல போட்டுப் பரிமாறுனா அது சரிங்க. ஏர்போர்ட்ல கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருந்து பாட்டில எடுத்து நீட்டறாங்க, நாம வாங்கிட்டு ஏர்போர்ட் சேர்ல போயி உக்காந்துக்கறோம். இதுல எங்கிருந்து வந்துச்சு சேவை? என் பார்வைக்கு அது பொட்டிக்கடை வியாபாரந்தான். நம்ம தமிழ்நாட்டுல இந்த எம்.ஆர்.பி. விதியெல்லாம் அடங்குன எடையளவு சட்டத்தப் பாக்கறது தொழிலாளர் துறை, பஸ் ஸ்டாண்டுலயும் தியேட்டர்லயும் அவங்க ரெய்டு போயி பைன் போட்டாங்கன்னு உங்க பேப்பர்லயே செய்தி வருது. அதே ஆளுங்க ஏர்போர்ட் செக்யூரிட்டி தாண்டி உள்ள போகணும்னா பாஸ் வேணும். அந்த பாஸ குடுத்து மாசத்துக்கு ஒருக்கா அவங்க உள்ள போயிப் பாக்கணும்னு நான் கேக்கறேன்.

முடியாத விஷயத்த நான் கேக்கல. ரயில் நீர் பாருங்க. ஒரு லிட்டர் 15 ரூபா வித்துச்சு, 2025 செப்டம்பர் 22ல ஜி.எஸ்.டி. கொறஞ்சப்ப அத 14 ஆக்கிட்டாங்க, அரை லிட்டர் 9 ரூபா. கன்னியாகுமரியில வாங்குனாலும் காட்பாடியில வாங்குனாலும் அதே வெல. ரயில்வே ஸ்டேஷன்ல ஸ்டால் வெக்கறவங்களும் லைசன்ஸ் பீ கட்டித்தான் வெக்கறாங்க, அவங்களும் கரண்டு பில்லு, ஆள் கூலி எல்லாம் பாக்கறவங்கதான். மொதல்லயே வெலைய எழுதி வெச்சுட்டாங்க, அதுக்குத் தகுந்த மாதிரி கேட்டு எடுத்தாங்க, அவ்வளவுதான். நம்ம மாநிலத்துலயே 2013ல அம்மா குடிநீர் ஒரு லிட்டர் பத்து ரூபான்னு பஸ் ஸ்டாண்டுல வித்தாங்க, வெளியூர் போறவங்க வரிசையில நின்னு வாங்குனது எல்லாத்துக்கும் நாபகம் இருக்கும்.

ஏர்போர்ட்லயே நடந்திருக்குதுங்க. 2024 டிசம்பர்ல இந்த வெலக் கொடுமைய ராஜ்யசபாவுல எழுப்புனாங்க, அதே மாசம் கொல்கத்தா ஏர்போர்ட்ல உடான் யாத்ரி கஃபேன்னு ஒண்ணு தொறந்தாங்க. தண்ணி பத்து ரூபா, டீ பத்து ரூபா, காபி இருவது, சமோசா இருவது. அப்பறம் 2025 பிப்ரவரியில சென்னையிலயும் வந்துச்சு. நல்ல காரியம், மனசாரப் பாராட்டறேன். ஆனா ஒரு மூலையில ஒரு கடைய வெச்சுட்டா எல்லாம் ஆயிருச்சுன்னு விட்டுறக் கூடாது. செக்யூரிட்டிக்கு இந்தப் பக்கம் மட்டும் வெச்சா அந்தப் பக்கம் மாட்டிக்கிட்டவங்களுக்கு என்ன பிரயோஜனம்? உள்ளயும் வேணும், வெளிநாட்டுப் பக்கமும் வேணும், ராத்திரி ஒரு மணி பிளைட்டுக்கும் தொறந்திருக்கணும். டீயும் சமோசாவும் மட்டும் போதாது, நம்மூருக்கு இட்லி வேணும், வயசானவங்களுக்கும் நோயாளிக்கும் அதுதான் ஆகும்.

தண்ணியோட முடியறதும் இல்லீங்க. கைக்கொழந்தைக்குப் பால் பவுடர் கலக்க வெந்நீர் கேட்டா, டீக்கு உண்டான காசக் குடுங்கன்னு கேக்கற எடம் இருக்குது. சின்னப் பொண்ணுங்களுக்கு திடீர்னு நாப்கின் வேணும்னா, எந்தக் கடையில கேக்கறதுன்னே தெரியாது, இருந்தாலும் பெரிய பாக்கெட்தான் இருக்கும். காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை, ஒரு பிஸ்கட் பாக்கெட், இதெல்லாம் அவசரத்துக்குக் கேக்கறது, ஆடம்பரத்துக்குக் கேக்கறது இல்ல. இந்த ஏழெட்டுச் சாமானுக்கு மட்டும் ஒரு பட்டியல் போட்டு, இதெல்லாம் ஊரு வெலைக்குத்தான் விக்கணும்னு சொன்னா கடைக்காரங்க ஒண்ணும் கொறஞ்சு போயிர மாட்டாங்க, மத்ததுல சம்பாதிச்சுக்கட்டும்.

நம்ம கொங்கு நாட்டுல வீட்டுக்கு யாரு வந்தாலும் வாங்கன்னு சொன்ன கையோட ஒரு சொம்புத் தண்ணி குடுத்துட்டுத்தான் மத்த பேச்சு. சொந்தமா, அசலான்னு பாக்கறது இல்ல. தைப்பூசத்துக்கு பழனிக்கு நடந்து போறவங்களுக்கு தாராபுரம் ரோட்டுலயும் பொள்ளாச்சி ரோட்டுலயும் பந்தல் போட்டு தண்ணி, மோரு, சோறு எல்லாம் குடுக்கறாங்க, யாரு பேரும் கேக்கறதில்ல, காசும் வாங்கறதில்ல. சித்திரை வெயில்ல ஊருக்கு ஊரு நீர்மோர்ப் பந்தல். சிறுவாணித் தண்ணி குடிச்சு வளந்த ஊருல, வெளியூர்க்காரங்க வந்தா அந்தத் தண்ணிய பெருமையாக் குடிக்கக் குடுக்கற ஊருல, விமானம் ஏற வந்தவங்க காசுக்கு பயந்து தாகத்தோட உக்காந்திருந்தாங்கன்னா அது நமக்குத்தான் அவமானம். இந்த ஏர்போர்ட்டுக்காக சிங்காநல்லூர், காளப்பட்டி, இருகூர், நீலாம்பூர்ப் பக்கம் அறுநூறு ஏக்கருக்கு மேல எடுத்திருக்காங்க. வீட்டையும் தோட்டத்தையும் குடுத்துட்டுப் போனவங்க இருக்காங்க. அந்த மண்ணுல கட்டற டெர்மினல்ல இத்தனூண்டு மரியாதை எதிர்பாக்கறது அதிகமில்லீங்க.

நான் கேக்கறது இதுதான். புது டெர்மினலுக்கு கடை டெண்டர் விடறதுக்கு முன்னாடியே, அந்த டெண்டர் பேப்பர்லயே, ஒரு லிட்டர் சாதா குடிநீர் ஊரு எம்.ஆர்.பி.க்கு எல்லாக் கடையிலயும் இருந்தே ஆகணும், தீந்து போச்சுன்னு சொல்லக் கூடாதுன்னு எழுதணும். அந்த பாட்டில்ல வர்ற வசூலுக்கு ஏர்போர்ட் பங்கு கேக்கக் கூடாது, அப்பத்தான் கடைக்காரருக்கும் கட்டுபடியாகும். வெலப் பட்டியல தமிழ்ல பெருசா எழுதி கடை வாசல்ல மாட்டணும். குடிதண்ணிக் கொழாய கக்கூசுக்குப் பக்கத்துல இருந்து எடுத்து, ஜனங்க உக்காந்திருக்கற எடத்துல, கேட்டுக்குப் பக்கத்துல வெக்கணும், பாட்டில் புடிக்கற மாதிரி ஒரு கொழா, வெந்நீருக்கு ஒண்ணு, பக்கத்துல பேப்பர் டம்ளர். எந்தத் தண்ணி, எப்ப சுத்தம் பண்ணுனதுன்னு தேதி போட்டு ஒரு சீட்டு ஒட்டுனா ஜனங்க நம்பிக் குடிப்பாங்க. டெண்டர் போட்டதுக்கப்பறம் கேட்டா, ஒப்பந்தம் ஆயிருச்சு, முடியற வரைக்கும் ஒண்ணும் பண்ண முடியாதுங்கன்னு கையை விரிச்சுருவாங்க, அதனாலதான் இப்பவே எழுதறேன்.

படிக்கறவங்களுக்கும் ரெண்டு விஷயம் சொல்லிக்கறேன். காலி பாட்டில் கொண்டு போறதுக்கு எங்கயும் தடை இல்ல, வெளிநாட்டு பிளைட்னாலும் செக்யூரிட்டி தாண்டி உள்ள புடிச்சுக்கலாம், பெரியவங்கள அனுப்பறப்ப பையில ஒண்ணு போட்டு அனுப்புங்க, பிளைட்ல குப்பைன்னு குடுத்துற வேண்டாம்னும் சொல்லி அனுப்புங்க. கொழந்தைக்கு பாலும் தண்ணியும் தேவையான அளவு விடுவாங்க, பயப்பட வேண்டாம். ரெண்டரை மணி நேரம் வரைக்கும் பறக்கற பிளைட் ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்டானா, காத்திருக்கற நேரத்துக்குத் தகுந்த மாதிரி சாப்பாடும் குடிக்கறதுக்கும் ஏர்லைன்ஸ்தான் குடுக்கணும்னு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தோட விதி இருக்குது. கூச்சப்படாம கவுண்டர்ல போயிக் கேளுங்க. எங்களுக்கு அன்னிக்கு அது தெரிஞ்சவங்க யாரும் இல்ல, அவங்களாவும் வந்து குடுக்கல. அச்சடிச்ச வெலைக்கு மேல யாராச்சும் வாங்குனா பில்லயும் பாட்டிலையும் போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு 1915ங்கற நுகர்வோர் நம்பருக்குக் கூப்பிடுங்க. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள விஷயத்துக்குப் பீசும் கெடையாது.

ஏர்போர்ட்டுக்குன்னு ஒரு ஆலோசனைக் குழு இருக்குதுங்க, தொகுதி எம்.பி.தான் அதுக்குத் தலைவர். கோயமுத்தூர், திருப்பூர், பொள்ளாச்சி, ஈரோடு, நீலகிரி எம்.பி.ங்க எல்லாருமே இந்த ஏர்போர்ட்லதான் டெல்லிக்கு ஏறி எறங்கறாங்க. வர்ற கூட்டத்துல கார் பார்க்கிங், புது விமானம்னு பேசறதோட தண்ணி வெலையும் ஒரு பொருளா வெச்சுப் பேசி, டெண்டர்ல சேக்கறாங்களா இல்லையான்னு பதில் வாங்கி ஜனங்களுக்குச் சொல்லணுமுங்க. உங்க நிருபருங்களும் அந்தக் கூட்டத்துக்குப் போறப்ப இந்த ஒரு கேள்வியக் கேளுங்க, கேட்டு என்ன சொன்னாங்கன்னு அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அவிநாசி வட்டம், திருப்பூர் மாவட்டம்.